பரம்பரைத் துப்பாக்கியைத் துடைப்பதும் துடைக்காமல் விடுவதும்

நூறு ஆண்டுத் துரு அழிக்காமல் விட்டுவைத்த முத்திரைகளையும் செதுக்கு வேலையையும் நிறத்தையும், பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் மீது உண்மையான பற்றுக்கொண்ட வாரிசு ஒருவர் உப்புத்தாளும் மெருகுப்பசையும் கொண்டு ஒரே பிற்பகலில் அழித்துவிட முடியும். குடும்பச் சொத்தாக வந்த துப்பாக்கியை வீட்டில் வைத்துத் துப்புரவு செய்வது பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுவே. அந்த வேலையில் செய்யக்கூடியவை சில, செய்யாமல் விடவேண்டியவை அவற்றினும் பல. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் இரண்டாம் உலகப்போர் வரையிலான காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம், இலண்டன் நகரங்களிலும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் செய்யப்பட்டு, தென்னிந்தியாவின் மலைத்தோட்டங்களுக்கும் ஜமீன் வீடுகளுக்கும் குடகின் கூட்டுக்குடும்ப இல்லங்களுக்கும் வந்துசேர்ந்த இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கி. ரவைத் துப்பாக்கி என்பது, உட்புறம் வழவழப்பாகக் கடையப்பட்ட குழலிலிருந்து பல சிறு ஈய மணிகளை, அதாவது ரவைகளை, ஒரே வெடிப்பில் ஒருங்கே வெளியேற்றும் வகையாகும்; குழலுக்குள் சுருள்வரி வெட்டப்பட்டு ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும் ரைஃபிள் இதனின்று வேறானது.

குடகு இவ்விடத்தில் தனியே குறிப்பிடத்தக்கது. அங்கு வாழும் கொடவர்கள், நாற்று நடவு முடிந்தபின் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் கைல்பொள்து என்னும் திருநாளில், வீட்டிலுள்ள துப்பாக்கிகளையும் வாள், கத்தி முதலியவற்றையும் எடுத்துத் துடைத்துப் பூசையிடத்தில் வைத்து, தமிழ்நாட்டின் மாநில மலராகிய அதே செங்காந்தளைச் சூட்டி வழிபடுகின்றனர். பிறப்பையும் இறப்பையும் துப்பாக்கி வெடித்து ஊருக்கு அறிவிக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. உரிமம் பெறும் கடமையிலிருந்து அவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் கிடைத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. ஆண்டுக்கொரு முறை மென்மையாகத் துடைத்து, எண்ணெய் இட்டு, பார்வையிட்டு மீண்டும் வைக்கும் இவ்வழக்கம், ஐம்பது ஆண்டு மறந்துவிட்டுப் பின் ஒரே நாளில் புதிதாக்க முயல்வதைக் காட்டிலும் இரும்புக்கும் மரத்துக்கும் எவ்வளவோ நன்மை செய்வதாகும்.

குடகுக்கு வெளியே, இந்தியாவில் வேறெங்கும், துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் சட்டத்தின் நிலையை அறிந்துகொள்வது இன்றியமையாதது. மிகப் பழையது என்பதனாலேயே ஒரு துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை என்று பலர் நம்புகின்றனர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு அளிப்பது உண்மையே. ஆனால் அந்த விலக்கு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே இயலாதவற்றுக்கு மட்டும் உரியது. ஆகவே பழுதுபார்த்தால் சுடக்கூடிய பாட்டனார் துப்பாக்கி சட்டத்தின் பார்வையில் முழுமையான துப்பாக்கியே. உரிமம் பெற்றிருந்தவர் காலமானால், வாரிசு தம் பெயரில் உரிமம் பெறும் வரை அதனைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து வைக்க வேண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த 2019ஆம் ஆண்டுத் திருத்தம், பரம்பரையாக வந்தவற்றையும் அக்கணக்கில் சேர்த்துள்ளது. குழலின் நுனி சிதைந்திருக்கிறதென்று உரிமமின்றி அதை அறுத்துக் குறுக்குவது தனிக்குற்றம். உரிமப் புத்தகத்தில் ‘டி.பி.பி.எல்.’ என்று எழுதப்பட்டிருப்பது, பின்புறம் திறந்து தோட்டா இடப்படும் இரட்டைக்குழல் வகையைக் குறிப்பது. அதனருகே உள்ள எண் துப்பாக்கியின் உலோகத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணே ஆகையால், தேய்த்துத் தேய்த்து அவ்வெண்ணை மங்கச் செய்பவர் பழம்பொருளை மட்டுமன்றித் தம் உரிமத்தையும் சிக்கலுக்கு உள்ளாக்குகிறார்.

வேலையின் முதற்படி, உள்ளே மருந்தோ தோட்டாவோ இல்லை என்பதை ஐயமற உறுதிசெய்வது. பின்புறம் திறக்கும் வகையில் இது எளிது: மேலுள்ள நெம்புகோலைப் பக்கவாட்டில் தள்ளினால் குழல்கள் கீல் மீது மடிந்து இறங்கி, தோட்டா அமரும் அறைகள் கண்ணுக்குத் தெரியும். குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் கெட்டிக்கும் பழைய வகையில் இப்படிப் பார்க்க வழியில்லை. எத்தனையோ துப்பாக்கிகள் கடைசி வேட்டையில் கெட்டித்த மருந்தோடு அப்படியே சுவரில் மாட்டப்பட்டுவிட்டன. கரிமருந்து ஈரம் படாமலிருந்தால் நூறாண்டுக்குப் பின்னும் வெடிக்கும் ஆற்றலை இழப்பதில்லை. துப்பாக்கியின் வாய் எவர் மீதும் திரும்பாதவாறு வைத்து, வெடித்தொப்பி மாட்டும் காம்பின் மீது பழைய தொப்பி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் நோக்கிய பின், மெல்லிய மரக்கோலொன்றை வாய்வழியே முட்டும் வரை செலுத்தி, வாயின் விளிம்பு வரும் இடத்தில் அக்கோலில் குறியிட்டு, பின் அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கோலின் முனை குழலின் அடிவரை எட்டாமல் சில விரற்கடை முன்னதாகவே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாகவும் இருக்கலாம், கெட்டித்த மருந்தாகவும் இருக்கலாம். எதுவாயினும் அதைக் குடைந்தெடுக்க வீட்டில் முயலக்கூடாது, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் சேர்ப்பிப்பதே முறை.

வெறுமையானது என்று உறுதியான பின், கையிலிருப்பது என்ன என்று படித்தறிய வேண்டும். துப்பாக்கியைக் கழற்றினால் மூன்று பகுதிகளாகப் பிரியும்: பக்கம் பக்கமாக ஒட்டப்பட்ட குழல்கள், குழலின் அடியில் இடக்கை பற்றும் முன்கட்டை, விசைப்பெட்டியோடு இணைந்த பின்கட்டை. முன்கட்டையை விடுவித்து, நெம்புகோலைத் தள்ளிக் குழல்களைக் கீலிலிருந்து தூக்கினால், குழல்களின் தட்டையான அடிப்பகுதியில் சிறு சிறு முத்திரைகள் தென்படும். அந்தத் துப்பாக்கியின் பிறப்புச் சான்று இவையே. மேற்புறத்தில் அழகாகப் பொறித்த பெயர் சில வேளைகளில் செய்தவருடையதன்று, விற்றவருடையது. கல்கத்தாவின் ரோடா, மாண்டன் நிறுவனங்களின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் பல இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. புகழ்பெற்ற பர்மிங்காம் பெயர்களைச் சற்றே மாற்றிப் பொறித்த பெல்ஜியத் துப்பாக்கிகளும் உலகெங்கும் விற்றன. முத்திரைகளோ அவ்வாறு எளிதில் ஏமாற்றுவதில்லை.

முத்திரை இடப்படும் முறை எளிமையானது, ஆனால் கடுமையானது. வழக்கமான அளவைவிட மிகுந்த மருந்தைக் கெட்டித்து, சோதனைச் சாலையில் குழலைச் சுட்டுப் பார்த்து, பிளவோ வீக்கமோ இன்றித் தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துவர். இலண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது, பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டு இன்றும் இயங்கி வருகிறது, நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்னும் எழுத்துகளைக் கொண்ட முத்திரை லியேஜைக் குறிக்கிறது. 12 என்ற எண் குழலின் உள்விட்டத்தைத் தெரிவிப்பது: ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம், ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒவ்வோர் உருண்டையும் எந்த விட்டமுள்ள குழலில் சரியாக அமருமோ அக்குழல் 12 போர் எனப்படும், அவ்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் பெருகப் பெருகக் குழல் சிறுப்பது இதனால்தான். ‘நாட் ஃபார் பால்’, அதாவது ஒற்றைக் குண்டுக்கு உரியதன்று, என்ற சொற்கள் குழலில் காணப்பட்டால் அது 1875க்கும் 1887க்கும் இடையில் சோதிக்கப்பட்டதென்றும், ரவைகள் விரைவில் சிதறாதபடி குழலின் நுனி சற்றே குறுக்கப்பட்டுள்ளதென்றும் அறியலாம். ‘நைட்ரோ புரூஃப்’ என்னும் சொற்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, புகையில்லா மருந்துக்கும் அக்குழல் சோதிக்கப்பட்டதைக் காட்டுகின்றன. இச்சொற்கள் இல்லாத பழங்குழல் கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும்.

குழலின் மேற்பரப்பில் பாம்பின் தோல் போன்ற சுருள்கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுக்கி, பழுக்கக் காய்ச்சிப் பற்றவைத்து, முறுக்கி, முறுக்கியவற்றைப் பக்கம் பக்கமாக இணைத்து நாடாவாக்கி, அந்நாடாவை ஓர் உருளைத் தண்டின் மீது சுற்றிச் சுத்தியலால் அடித்து ஒன்றாக்கிய பின் தண்டை உருவிவிட்டுக் குழலாக்கினர். லியேஜைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் குடும்பம் குடும்பமாகச் செய்யப்பட்ட இவ்வேலை, முழு எஃகைத் துளைத்துக் குழல் செய்யும் முறை மலிந்தபின் முதல் உலகப்போரையொட்டி மறைந்தது. பழங்காலத் தென்னிந்தியாவிலிருந்து மூசையில் உருக்கி ஏற்றுமதி செய்யப்பட்ட உருக்கினால் அடித்த டமாஸ்கஸ் வாள்களோடு இக்குழல்களைச் சேர்த்துப் பேசுவது பிழை. வாளின் வரிகள் ஒரே உருக்குக் கட்டிக்குள் கரிமம் அமைந்த விதத்தால் தோன்றியவை, குழலின் வரிகள் தனித்தனிக் கம்பிகள் முறுக்கப்பட்டதால் தோன்றியவை. ஒரு குழலின் சுவருக்குள் நூற்றுக்கணக்கான பற்றுத் தையல்கள் மறைந்திருக்கின்றன. அவற்றுள் எந்தத் தையலில் பழைய மருந்தின் உப்பு ஊடுருவி உள்ளரித்திருக்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாது. இதனாலேயே டமாஸ்கஸ் குழல்கள் யாவும் ஆபத்தானவை என்னும் கருத்து பரவியது. அது முற்றிலும் சரியன்று. புகையில்லா மருந்துக்கு முறையாகச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்களும் உள்ளன. எனினும் முத்திரை அது குத்தப்பட்ட நாளின் நிலைக்கே சான்று. அதன்பின் உட்சுவர் கடைந்து மெலிக்கப்பட்டதா, அரிக்கப்பட்டதா என்பதற்குத் தனிப்பட்ட அளவீடு தேவை.

இனித் துப்புரவு. குழலின் உட்புறத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அழிவு தொடர்ந்து நடைபெறும் இடம் அதுவே. கரிமருந்து, முக்கால் பங்கு வெடியுப்பும் மீதி கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகக் குழலுக்குள் படிந்துவிடுகிறது. பொட்டாசியம் உப்புகளாலான இப்படிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை இரவும் பகலும் அரிக்கும். பழைய தோட்டாக்களின் வெடித்தொப்பியில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டும் எரிந்து, சமையலுப்பின் உறவான பொட்டாசியம் குளோரைடாக மாறி அதே வேலையைச் செய்கிறது. இவ்வுப்புகள் எண்ணெயில் கரையா, நீரில் மட்டுமே கரையும். துப்பாக்கிக்கு எண்ணெய் நல்லது, நீர் பகை என்னும் பொதுநம்பிக்கை இவ்விடத்தில் தவறாகிவிடுகிறது. உப்பின் மீது எண்ணெய் பூசினால் உப்பு எண்ணெய்க்கு அடியில் அப்படியே இருந்துகொண்டு அரித்துக்கொண்டிருக்கும். எனவே, கட்டைகளிலிருந்து பிரித்தெடுத்த குழல்களுக்குள், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணித்துண்டுகளைத் துடைகோலில் மாட்டி, பின்புறத்திலிருந்து வாயை நோக்கிப் பலமுறை செலுத்தி, துணி கறையின்றி வரும் வரை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை முற்றும் போக்கிய பின்னரே மெல்லிய எண்ணெய் இட வேண்டும்.

குழல்களை முழுவதும் நீரில் அமிழ்த்துவது குறித்துப் பழைய வேட்டைக்காரர்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. இரட்டைக்குழலைப் பொறுத்தவரை அமிழ்த்தாமல் விடுவதே பாதுகாப்பு. இரு குழல்களையும் மேலும் கீழுமாக இணைக்கும் நீண்ட பட்டைகள் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசினால் ஒட்டப்பட்டவை; எங்கேனும் ஒட்டு விட்டிருந்தால் நீர் உட்புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே குழலைத் தின்னும். ஒட்டு உறுதியாக உள்ளதா என்பதை அறிய ஒரு பழைய சோதனை உண்டு: குழல்களின் அடிப்பகுதியிலுள்ள கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, விரல் கணுவால் மெல்லத் தட்டினால், உறுதியான குழல் நீண்டு ஒலிக்கும், பட்டை தளர்ந்த குழல் மந்தமாகத் தட்டென்று அடங்கிவிடும். உட்சுவரில் சாம்பல் நிறக் கீற்றுகளாகத் தெரிவது ஈயப்படிவு. டர்பன்டைனில் நனைத்த வெண்கலக் கம்பித் தூரிகையால் பொறுமையாகத் தேய்த்தால் அது விடும். ஈயத்தூள் நச்சாகையால் இவ்வேலையைச் சமையலறையில் செய்யக்கூடாது, குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது, முடிந்தபின் கைகளை நன்கு கழுவ வேண்டும். படிவெல்லாம் நீங்கியபின் ஒளியை நோக்கிப் பிடித்துக் குழலின் வழியே பார்த்தால், அம்மைத்தழும்பாகச் சிறு குழிகள் எஞ்சியிருப்பது தெரியவரலாம். அவற்றைக் கடைந்து நீக்க முயல்வது சுவரை மெலிப்பதே ஆகையால், குழிகளைக் குழிகளாகவே விட்டு, அவற்றுள் ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெளிப்புற உலோகத்தில் கை வைக்கும் முன், துருவும் நிறமும் எவ்வளவு நெருங்கிய உறவுடையவை என்பதை உணர வேண்டும். பழங்குழல்களின் பழுப்பு நிறம் வண்ணப்பூச்சு அன்று. அமிலக் கரைசலைத் தடவிக் குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, துருவைத் தேய்த்தெடுத்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து வரவழைத்த கட்டுப்பட்ட துரு அது. டமாஸ்கஸ் குழலின் கோலம் தெரிவதே, இரும்பும் எஃகும் அத்துருவை வேறு வேறு அளவில் ஏற்பதால்தான். துருநீக்கும் இரசாயனங்களுக்கு நல்ல துரு, கெட்ட துரு என்ற பாகுபாடு தெரியாது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பழகிப்போன புளியையும் எலுமிச்சையையும் இங்கே கொண்டுவந்தால் சில நிமிடங்களில் நிறம் முழுவதும் கரைந்து வெளிறிய இரும்பு மட்டும் மிஞ்சும். விசைப்பெட்டியின் மீது நீலமும் வைக்கோல் மஞ்சளும் பழுப்புமாகக் கலந்து தெரியும் மேகவண்ணம் இன்னும் அருமையானது. எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைத்த பெட்டிக்குள் அப்பாகத்தை வைத்துச் செந்தணலாக்கி நீரில் அமிழ்த்தும்போது, மேற்பரப்பு கடினமாவதோடு அவ்வண்ணமும் உண்டாகிறது. அது மிக மெல்லிய படலம். மெருகுப்பசை ஒரு முறை பட்டால் போய்விடும். வீட்டில் அதைத் திரும்ப வரவழைக்க எந்த வழியும் இல்லை.

ஆகவே செய்யத்தக்கது இவ்வளவே: முதலில் மென்மையான துணியில் மெல்லிய எண்ணெய் நனைத்து முழுவதையும் துடைத்து, ஓரிரு நாள் ஊறவிட்டு, மீண்டும் துடைக்க வேண்டும். இத்தனையிலேயே அழுக்கில் பெரும்பகுதி கழன்றுவிடும். கருத்துக் கெட்டித்துப்போன பழைய பழுப்பை அப்படியே விட்டுவிடலாம், அது இனி வளராது. தொட்டால் விரலில் செம்பொடியாக ஒட்டும் துருவே உயிருள்ள துரு; அதை மட்டும், முன்கட்டைக்கு அடியில் மறையும் ஓரிடத்தில் சோதித்துப் பார்த்த பின், எண்ணெய் தோய்த்த மிக நுண்ணிய எஃகுப் பஞ்சினால், அழுத்தாமல், வரி வரியாக நீக்கலாம். செதுக்குவேலையின் பள்ளங்களில் உறைந்த அழுக்குக்கு மென்மையான பல்துலக்கியும் கூராக்கிய மூங்கில் குச்சியும் போதும், எஃகு ஊசி கூடாது. புதிதாகக் கருநீல நிறமேற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளிடம் இரட்டைக்குழலைக் கொடுக்கும்முன் ஒரு செய்தியை அறிந்திருப்பது நல்லது: இக்காலத்தில் பெரும்பாலும் நடைமுறையிலுள்ள, கொதிக்கும் காரக்கரைசலில் அமிழ்த்தும் முறை, பட்டைகளை ஒட்டியுள்ள ஈயப் பற்றாசைக் கரைத்துவிடும், குழல்கள் மெருகோடு வெளிவந்தாலும் ஒட்டு தளர்ந்து நாளடைவில் பிரிந்துபோகும்.

மரவேலையில் வீட்டாருக்குச் சற்றுக் கூடுதல் இடம் உண்டு. கட்டைகள் பெரும்பாலும் வால்நட் எனப்படும் அக்ரூட் மரத்தால் ஆனவை. ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையால் தேய்த்துப் பல நாளில் மெருகேற்றப்பட்டவை. விசைப்பெட்டியைத் தொடும் இடத்தில் பின்கட்டை கருத்து மெத்தென்று இருந்தால், பல்லாண்டுகளாக மேலிருந்து வழிந்த எண்ணெய் அங்கு ஊறிவிட்டது என்று பொருள். எண்ணெயில் ஊறிய மரம் நார் தளர்ந்து, அதிர்வில் பிளக்கும். சீமைச்சுண்ணத் தூளை அசிட்டோனில் குழைத்து அவ்விடத்தில் அப்பி, உலர உலர உதிர்த்துப் புதிதாக அப்பினால், தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளித்துக்கொண்டே வரும். மஞ்சள் நின்றதும் நிறுத்தலாம். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றுவதாகையால் இதைத் திறந்தவெளியிலேயே செய்ய வேண்டும். நார் அறுபடாமல் அமுங்கிய சிறு பள்ளத்தின் மீது ஈரத்துணியை இட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையால் தொட்டால், நீராவியில் நார்கள் உப்பி மேலெழும். ஆனால் உப்புத்தாளால் பள்ளத்தைச் சுற்றித் தேய்த்து மட்டமாக்கினால் மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்து, அந்தத் தவறு என்றென்றும் கண்ணில் படும். பிடிப்புக்காகக் கட்டங்கட்டமாக வெட்டிய கீறல்களில் அடைந்த கருமையைத் தூரிகையால் எடுத்தபின், ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் மட்டும் தேய்த்தால் போதும். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடலாகாது. உலரும்போது அது தானே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்புடையது. விரித்து வெளியில் உலர்த்தியோ நீரில் நனைத்தோ அப்புறப்படுத்த வேண்டும்.

விசைப்பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று காணும் ஆவல் எவருக்கும் எழும். அந்த ஆவலுக்கு இடம்கொடாமல் இருப்பதற்கு மிகத் தெளிவான காரணங்கள் உண்டு. நல்ல துப்பாக்கிகளின் திருகாணிகள் ஒவ்வொன்றும் அதனதன் துளைக்கென்று கையால் அறுத்துச் செய்யப்பட்டவை, தலைப்பள்ளம் முடியளவு குறுகலாகவும், தலைமீது செதுக்குவேலை பக்கத்து உலோகத்தோடு தொடரும்படியும் அமைந்தவை. வீட்டிலிருக்கும் திருப்புளியின் முனை ஆப்புபோல் சரிந்திருப்பதால் அப்பள்ளத்தில் முழுதாக அமராமல் நழுவி, ஒரே திருகில் அதன் ஓரங்களைக் கிழித்துவிடும். உள்ளே ‘வி’ வடிவில் மடிந்த விசைவில், பெரும் அழுத்தத்தில் அடங்கியிருக்கிறது. அதற்குரிய இடுக்கியின்றி எடுத்தால் முறியும், அல்லது தெறித்துக் கண்ணைத் தாக்கும். 1875இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி ஆகிய இருவர் காப்புரிமை பெற்ற அமைப்பும் அதனைப் பின்பற்றிய எண்ணற்ற துப்பாக்கிகளும், குதிரை எனப்படும் அடிப்பான் வெளியே தெரியாமல் உள்ளேயே மறைந்திருந்து, குழல் மடிந்து இறங்கும்போது தானே பின்னுக்கு இழுபட்டு ஆயத்தமாகும் வகையின. குழல்களைக் கழற்றிய நிலையில் இத்தகைய துப்பாக்கியின் விசையை விளையாட்டாக இழுத்துவிட்டால், மீண்டும் குழல்களைப் பொருத்துவதே பெரும்பாடாகிவிடும். கீலில் தடவும் சிறிதளவு மசகும், வெளித்தெரியும் அசைவிடங்களில் இடும் ஒரு துளி எண்ணெயும் வீட்டுவேலையின் எல்லை. குழம்பிப் பிசினாகிவிட்ட பழைய எண்ணெயை உள்ளிருந்து எடுப்பதும், உடைந்த வில்லைப் புதிதாக அடிப்பதும், தளர்ந்த கீலை இறுக்குவதும் பயிற்சி பெற்ற கம்மியரின் பணி. இந்தியாவில் அவர் அதற்கென உரிமமும் பெற்றவராக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பின் துப்பாக்கி புதிதெனத் தோன்றினாலும், அதைச் சுடலாமா என்ற கேள்விக்கான விடை துப்புரவில் இல்லை. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் நீளமுடையது. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 70 மில்லிமீட்டருக்கு உரியவை. அத்தோட்டாவின் நுனி மடித்து மூடப்பட்டிருப்பதால் குறுகிய அறையிலும் அது தடையின்றி நுழைந்துவிடும்; சுட்டவுடன் மடிப்பு விரிய இடமின்றி, அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் நீட்டிக்கொண்டு வழியை நெருக்க, அழுத்தம் குழல் தாங்கும் அளவைக் கடக்கக்கூடும். நுழைகிறது என்பதனால் பொருந்துகிறது என்று கொண்டு கையையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. சுவரின் தடிப்பு, அறையின் நீளம், கீலின் இறுக்கம் ஆகிய மூன்றையும் கருவிகொண்டு அளந்து அறிந்தவர் எழுத்தில் ஒப்புதல் தராதவரை, அத்துப்பாக்கியைக் காட்சிப்பொருளாகவே கருத வேண்டும்.

எஞ்சியிருப்பது பாதுகாத்து வைக்கும் முறை. தோலுறை பார்ப்பதற்கு அழகியது. ஆனால் தோலைப் பதனிடப் பயன்பட்ட புளிப்பும் உப்பும் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை உறை படும் இடமெல்லாம் அரிக்கும் ஆகையால், துப்பாக்கியை வெளியே கொண்டுசெல்வதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தி, வைப்பதற்குக் காற்றோட்டமுள்ள, பூட்டிய இரும்பலமாரியைத் தேர்வது நல்லது. தோட்டாக்கள் வேறிடத்தில் தனிப்பூட்டில் இருத்தல் வேண்டும். வியர்வையின் உப்பு ஒரே இரவில் விரல்ரேகையைத் துருவாக உலோகத்தில் பதித்துவிடுவதால், பார்த்த பிறகு எப்போதும் துடைத்து வைக்க வேண்டும். சுடப்படாமல் வைக்கப்படும் துப்பாக்கிக்கு எண்ணெயைவிட நுண்படிக மெழுகின் மெல்லிய பூச்சு மேலானது; 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட ரெனசான்ஸ் மெழுகு இதற்கென்றே உலகெங்கும் பழம்பொருள் காப்பாளர்களால் பயன்படுத்தப்படுகிறது. எண்ணெய் இட்டிருந்தால், அது கட்டைக்குள் இறங்காமலிருக்கக் குழலின் வாயைக் கீழ்நோக்கி, துணிமெத்தையின் மீது நிறுத்தி வைக்கலாம். முத்திரைகள், எண், பெயர்ப்பொறிப்பு ஆகியவற்றை ஒளிப்படமெடுத்து, அது எவரிடமிருந்து எவருக்கு எப்போது வந்தது என்ற குறிப்போடும் உரிமத்தின் படியோடும் சேர்த்து வைப்பது துப்புரவைப் போன்றே முதன்மையான வேலை. கொல்லரும் கம்மியரும் விட்டுச்சென்ற முத்திரைகள் உலோகத்தில் நிற்கின்றன, குடும்பத்தின் நினைவு அப்படி எங்கும் பொறிக்கப்படுவதில்லை. பருவமழை தொடங்கும் முன் ஒரு முறையும் ஓய்ந்தபின் ஒரு முறையும் வெளியிலெடுத்து, பட்டைகளின் ஓரத்திலும், முன்கட்டைக்கு அடியிலும், தோட்டா அறையின் விளிம்பிலும் செம்பொடி தென்படுகிறதா என்று பார்த்து, தென்பட்டால் அன்றே துடைத்துவிட வேண்டும்.